பிக்கிங் பழக எந்தப் பூட்டு வாங்குறது? சாவியப் பாத்து வாங்கு தம்பி

கொருக்குப்பேட்டை தம்பி ஒருத்தன் கேட்டிருந்தான். பூட்டு பிக்கிங், அதான் சாவி இல்லாம கம்பிய வெச்சு பூட்ட தெறக்குறது, கத்துக்கணும்னு ஆசையா இருக்குண்ணா, ஆன்லைன்ல கண்ணாடி மாதிரி ஒரு பூட்டும் இருபது கம்பியும் சேத்து கிட்டா விக்கிறான், அத வாங்கட்டுமா, இல்ல வீட்டு கதவுல இருக்குற பூட்டுலயே ஆரம்பிக்கட்டுமா, தாத்தாவோட பழைய திண்டுக்கல் பூட்டு வேற பரண்ல கிடக்குது, அதுல பழகலாமான்னு. மூணுக்கும் சுருக்கமா பதில் சொல்லணும்னா வேணாம், வேணாம், வேணவே வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும், டீ எடுத்துகினு வந்து உக்காரு.

நான் நம்ம சென்னை பாரிஸ்ல ஒரு ஹார்டுவேர் கடையில பதினோரு வருஷம் கவுண்டர்ல நின்னவன், இப்ப தண்டையார்பேட்டையில சின்னதா சொந்தமா ஒண்ணு போட்டுகினு இருக்கேன். பூட்டு வித்தே பாதி ஆயுசு போச்சு, அத தெறக்குற பைத்தியம் அப்பாலதான் புடிச்சுது. கடையில சாவி தொலைஞ்ச பூட்டு, பாக்ஸ்ல சாவி மாறி வந்த பூட்டு எல்லாம் மூலையில ஒரு டப்பாவுல சேந்துகினே இருக்கும், மத்தியானம் வியாபாரம் டல்லா இருக்குற நேரத்துல அத நோண்ட ஆரம்பிச்சதுதான் எல்லாம். பூட்டு வாங்க வர்றவன் கையில தூக்கி வெயிட்டு பாப்பான், பளபளப்பு பாப்பான். பிக்கிங் பழகுறவன் பாக்க வேண்டியது சாவிய. உள்ள இன்னா இருக்குன்னு கடைக்காரன் சொல்லமாட்டான், ஏன்னா பல பேருக்கு தெரியாது (எனக்கே அஞ்சு வருஷம் தெரியாது), டப்பா மேல போட்டிருக்குறது பாதி பீலா. உள்ள எத்தன பின்னு (பூட்ட சுத்த வுடாம குறுக்க நிக்குற குட்டி துண்டுங்க), எது ஒசரம் எது குள்ளம், ஓட்டை நேரா கோணலான்னு எல்லாமே சாவியில எழுதியிருக்கு. அத படிக்க கத்துகிட்டா எந்த கடைக்கு போனாலும் உன்ன ஏமாத்த முடியாது.

மொதல்ல வீட்டு பூட்டு விஷயத்த முடிச்சிடுறேன், நான் பண்ண கூத்த சொன்னா போதும். அப்போ ராயபுரத்துல கல்மண்டபம் பக்கம் வாடகைக்கு இருந்தோம், வாசக்கதவுல சிலிண்டர் வெச்ச மார்டைஸ் லாக்கு, கதவுக்குள்ளயே பதிச்சிருக்குமே அந்த பூட்டு. கடை டப்பாவுல ரெண்டு வாரம் பழகி கை வந்துடுச்சுன்னு ஒரு திமிரு, வீட்டம்மா மார்க்கெட்டுக்கு போன நேரம் பாத்து வெளிய நின்னு அதையே நோண்டுனேன், தெறந்துகிச்சு. சந்தோஷத்துல அப்படியே சுத்திகினே போனேன், பாதி சுத்துல டக்குனு நின்னுபோச்சு, முன்னாலயும் போவல பின்னாலயும் வரல. இன்னா ஆச்சுன்னா, சாவி போட்டு திருப்பும்போது சாவியோட உடம்பே அந்த ஓட்டைய அடைச்சிகினு இருக்கும். கம்பியால திருப்பும்போது ஓட்டை காலி. அது சரியா தலைகீழா வர்ற எடத்துல, மேல இருக்குற பின்னுங்கள ஸ்பிரிங்கு தள்ளி வுட்டு அதுங்க சாவி ஓட்டைக்குள்ளயே வந்து உக்காந்துகிச்சு. அன்னைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டம்மா ரெண்டு பை காசிமேட்டு மீனோட படிக்கட்டுல உக்காந்து பாத்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது. கடைசியில தெருமுனையில குடை விரிச்சு டூப்ளிகேட் சாவி போடுற பாய்தான் வந்தாரு, தட்டையா ஒரு தகட்ட உள்ள வுட்டு பின்னுங்கள அழுத்தி புடிச்சிகினே திருப்பி வுட்டாரு, அஞ்சு நிமிஷ வேல. போறப்ப, "தம்பி, கதவுல இருக்குற பூட்டு வீட்டுக்கு, மேஜையில இருக்குற பூட்டு உனக்கு"ன்னு சொல்லிட்டு காசு கூட வாங்காம போயிட்டாரு.

ஜெர்மனியில 1997லயும் அப்பால நெதர்லாந்துலயும் இத ஒரு விளையாட்டா பழகுறவங்க சங்கமே ஆரம்பிச்சிட்டாங்க, அவங்க சொல்றதும் பாய் சொன்னதும் ஒண்ணுதான். உன் சொந்த பூட்ட தவிர வேற எதையும் தொடாத, உன்னுதே ஆனாலும் உபயோகத்துல இருக்குறத தொடாத. கூடவே நம்ம ஏரியாவுக்கு நான் ஒண்ணு சேத்துக்கிறேன், ராத்திரியில பேண்ட் பாக்கெட்ல கம்பி வெச்சிகினு பைக்ல சுத்தாத. போலீஸ் பேட்ரோல் புடிச்சா நீ விளையாட்டு சங்கம்னு நெதர்லாந்து கதை சொல்ற வரைக்கும் அவரு நின்னு கேக்க மாட்டாரு. கம்பி வீட்டுல, பூட்டு வீட்டுல, பழகுறதும் வீட்டுல.

அடுத்தது அந்த கண்ணாடி பூட்டு. பாக்க சோக்கா இருக்கும், உள்ள பின்னு ஏறி எறங்குறது தெரியும். பிரச்சனையே அதுதான். பிக்கிங்குங்கறது காது கூட இல்ல, விரல் நுனியில வர்ற சேதி. கண்ணால பாத்து பாத்து பின்ன தூக்கி பழகிட்டு நெஜ பூட்ட கையில எடுத்தா குருடன் மாதிரி ஆயிடுவ, மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அது போக பிளாஸ்டிக்குல துளை எல்லாம் தொளதொளன்னு இருக்கும், எந்த பின்னு புடிச்சிருக்கு எது வுட்டுச்சுன்னு கைக்கு வர்ற சேதியே மழுங்கலா வரும், கொஞ்ச நாள்ல துளை தேய்ஞ்சு எப்படி ஆட்டுனாலும் தெறக்கும். தெறக்குதேன்னு நீயும் பெரிய ஆளுன்னு நெனச்சிப்ப. வேல எப்படி நடக்குதுன்னு ஒரு பத்து நிமிஷம் பாத்து புரிஞ்சிக்க அது நல்லாதான் இருக்கும், ஆனா பத்து நிமிஷத்துக்கு அந்த காசு தண்டம். யாராச்சும் ஃப்ரெண்டு வெச்சிருந்தா வாங்கி பாத்துட்டு குடுத்துடு.

அந்த பத்து நிமிஷத்த இங்கேயே சொல்லிடுறேன். சாவி போடுற உருளை இருக்கே, அத பிளக்குன்னு சொல்லுவாங்க, அது வெளி உடம்புக்குள்ள சுத்தணும். சுத்த வுடாம வரிசையா பின்னுங்க குறுக்க நிக்குது. ஒவ்வொரு துளையிலயும் ரெண்டு துண்டு, கீழ சாவிய தொடுறது ஒண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு, அதுக்கும் மேல ஸ்பிரிங்கு. சரியான சாவி போட்டா ரெண்டு துண்டும் சந்திக்குற எடம் கரெக்டா பிளக்கோட ஓரத்துக்கு வந்துடும், சுத்தும். இந்த மாடல் லைனஸ் யேல்னு அமெரிக்காகாரர் ஒருத்தரும் அதே பேர்ல இருக்குற அவரு மகனும் 1840களேருந்து 1860கள் வரைக்கும் கொண்டு வந்தது, ஆனா மரத்துல செஞ்ச பின்னு பூட்டு எகிப்துல பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. இத பிக் பண்ண முடியறதுக்கு ஒரே காரணம், துளைங்கள எந்த மெஷின்ல போட்டாலும் ஒரே நேர்கோட்டுல வராது, மயிரிழை அளவுக்காச்சும் முன்ன பின்ன இருக்கும். அஞ்சு பேரு ஒரே வாசப்படியில ஒண்ணா நுழைய பாத்தா எவனாச்சும் ஒருத்தன் தோள்தானே மொதல்ல நிலையில இடிக்கும்? அதே மாதிரி பிளக்க லேசா திருப்பி புடிச்சா ஒரே ஒரு பின்னுதான் மொதல்ல இறுகும். அத கண்டுபுடிச்சு தூக்கி உக்கார வெச்சா அடுத்தது இறுகும். இவ்ளோதான் கதை, மத்ததெல்லாம் கைப்பழக்கம்.

இப்ப சாவிக்கு வரேன்.

நம்ம ஊரு கடையில தொங்குற பூட்டுல பெரும்பங்கு ரெண்டு சாதி, பின்னு பூட்டும், பின்னுக்கு பதிலா தூக்குற தகடுங்க இருக்குற லீவர் பூட்டும். வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வர்ற பசங்க வழுக்குறது இங்கதான், அவன் கையில இருக்குறது எல்லாம் பின்னு பூட்டு, நம்ம வீட்டு கேட்டு, இரும்பு பீரோ, ஷட்டர்ல தொங்குறது பல எடத்துல லீவர். சாவி தண்டு மாதிரி இருந்து நுனியில மட்டும் கொடி மாதிரி ஒரு பல்லு நீட்டிகினு இருந்தா அது லீவர், அப்படியே வெச்சிடு. ஊரெல்லாம் தெரிஞ்ச கோத்ரெஜ் நவ்தால் கூட லீவர் பூட்டுதான். நல்ல பூட்டு, வீட்டுக்கு வாங்கு, பழக வாங்காத. சாவியோட ரெண்டு ஓரத்துலயும் சதுரம் சதுரமா ஒரே மாதிரி வெட்டியிருந்தா, அது சூட்கேஸுக்கு போடுற தடுப்பு பூட்டு, வளைஞ்ச கம்பி ஒண்ணு போதும், அதுல கத்துக்க ஒண்ணும் கிடையாது. சாவி தட்டையா இருந்து பக்கவாட்டுல அம்மை தழும்பு மாதிரி குழி குழியா இருந்தா டிம்பிள், அதுக்கு இன்னும் ஒரு வருஷம் போவட்டும். சாவி குழாய் மாதிரி உருண்டையா இருந்தா அதுக்கு தனி டூல் வேணும். மேஜை டிராயர், லெட்டர் பாக்ஸ்ல வர்ற சின்ன சாவிங்க பல சமயம் வேஃபர், பின்னுக்கு பதிலா உள்ள மெல்லிசா தகடு இருக்கும், ஈஸியா தெறக்கும், மனசுக்கு தெம்பா இருக்கும், அவ்ளோதான்.

உனக்கு வேணும்கிறது ஒரு ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி வெட்டுன சாவி. அத வாங்கி வெளிச்சத்துல புடிச்சு பள்ளத்த எண்ணு. ஒரு பள்ளத்துக்கு ஒரு பின்னு. மொத பூட்டுக்கு நாலு இருந்தா நல்லது, அஞ்சு இருந்தா பரவால்ல. மூணு ரொம்ப கம்மி, கம்பிய சும்மா உள்ள வுட்டு ஆட்டுனாலே தெறந்துகிட்டு நீ ஒண்ணியும் கத்துக்க மாட்ட. அப்புறம் பள்ளத்தோட ஆழத்த பாரு, மெயின் மேட்டரே அதுதான். பள்ளம் ஆழமா இருந்தா அங்க இருக்குற சாவிப்பின்னு நீளம், கொஞ்சம் தூக்குனா போதும். பள்ளம் மேலாப்புல இருந்தா பின்னு குள்ளம், நெறைய தூக்கணும். வாசல்ல நீளமான பின்னும் அதுக்கு பின்னாடியே குள்ளமான பின்னும் இருந்துச்சுன்னு வெச்சிக்கோ, பின்னாடி இருக்குறத தூக்க கம்பிய ஒசத்துனா முன்னாடி இருக்குறதயும் அது சேத்து தள்ளிடும், அளவு தாண்டி போயிடும், திரும்ப மொதல்லேருந்து. அனுபவஸ்தனுக்கே எரிச்சல் வரும், புதுசா பழகுறவன் கம்பிய வுட்டு எறிஞ்சிட்டு போயிடுவான். அதனால ஒரே மாடல்ல மூணு நாலு பூட்டு எடுக்க சொல்லி சாவிங்கள பக்கத்துல பக்கத்துல வெச்சு பாரு, எது மெரினாவுல அலை ஓயுற நேரம் மாதிரி லேசா ஏறி எறங்குதோ அத எடு, எது கோயில் கோபுரம் மாதிரி குத்து குத்தா இருக்கோ அத திருப்பி குடு. கடைக்காரன் மொறைப்பான். காலையில போவாத, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போ, அப்பதான் நின்னு பேச நேரம் இருக்கும், இத கவுண்டருக்கு அந்த பக்கம் நின்னவனா சொல்றேன்.

இன்னொண்ணு, சாவியோட நுனிய கண்ணுக்கு நேரா புடிச்சு பாரு. ரெண்டு பக்கமும் லேசா வரி இருந்தா ஓட்டை அகலம், கம்பி தாராளமா போவும். நுனி இசட் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு இருந்தா ஓட்டையும் அப்படித்தான் கோணலா இருக்கும், கம்பி உரசுறதுக்கும் பின்னு நகர்றதுக்கும் வித்தியாசமே தெரியாது. சைஸும் முக்கியம். 20 மில்லி, 25 மில்லி பித்தளை பூட்டு விலை கம்மின்னு நாலு வாங்கிகினு வருவாங்க பசங்க, அதுல ஓட்டை அவ்ளோ குறுகல், பிளக்க திருப்பி புடிக்கிற டென்ஷன் கம்பியும் பின்ன தூக்குற பிக்கும் ஒண்ணா நுழையவே நுழையாது. 40லேருந்து 50 மில்லி பித்தளை பூட்டு கைக்கு அடக்கமா இருக்கும், ஓட்டையும் பெருசு. ரொம்ப சீப்பான பூட்டும் வேணாம், ஏன்னா அதுல துளைங்க அளவு தாறுமாறா இருக்கும், ரெண்டு மூணு பின்னு ஒண்ணா உக்காந்துடும், ஒண்ணு ஒண்ணா பிரிச்சு உணர்றதுக்கு சான்ஸே கிடைக்காது. நடுத்தர விலை பூட்டு, ஒரு நல்ல பிரியாணி ரெண்டு வாங்குற காசுன்னு வெச்சிக்கோயேன்.

எங்க வாங்குறதுன்னா, பாரிஸ்ல செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு, அப்படியே ஈவ்னிங் பஜார் பக்கம் ஒரு ரவுண்டு நடந்தா போதும், அலிகார்லேருந்து வர்ற சரக்கு அத்தனையும் அங்க பாக்கலாம். உத்தரப்பிரதேசத்துல அலிகார்னாலே பூட்டு ஊருதான், நம்ம பக்கம் திண்டுக்கல் மாதிரி. காயலான் கடையும் ஒரு புதையல்தான், ஆனா மொத பூட்டு அங்க வாங்காத. ஏன்னா அங்க பூட்டு இருக்கும் சாவி இருக்காது, சாவி இல்லாத பூட்டுல நீ தெறக்க முடியலன்னா தப்பு உன் கையிலயா பூட்டுக்குள்ளயான்னே தெரியாது. அதுவும் நம்ம ஏரியாவுல கடல் காத்து வேற. காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துலேருந்து வர்ற பூட்ட தெறந்து பாத்தா உள்ள ஸ்பிரிங்கு உப்பு பூத்து பின்னோட ஒட்டிகினு இருக்கும். அந்த மாதிரி பூட்டு ஓசியில கிடைச்சா மண்ணெண்ணெய்ல ரெண்டு நாளு ஊறப்போட்டு, பிரஷ் போட்டு கழுவி காயவெச்சிட்டு பென்சில் முனைய நல்லா தூளாக்கி ஊதி வுடு. தேங்கா எண்ணெய், சமையல் எண்ணெய் ஊத்தாத. அன்னைக்கு வழவழன்னு இருக்கும், அடுத்த மாசம் தூசியோட சேந்து பிசின் ஆயிடும். எங்க கடைக்கு வந்த "பூட்டு ரிப்பேர்ல" பாதி அந்த எண்ணெய் கேஸுதான்.

இதெல்லாம் சொன்னாலும், ஒரே ஒரு சாமான்தான் வாங்க காசு இருக்குண்ணானு கேட்டா நான் தொங்கு பூட்டே சொல்லமாட்டேன். கதவு மார்டைஸ் லாக்குக்கு தனியா விக்கிற சிலிண்டர் வாங்கு, அடி பக்கம் தட்டையா மேல உருண்டையா பேரிக்கா மாதிரி இருக்குமே அது. ரம்ப சாவி போட்டது, டிம்பிள் இல்லாதது. தொங்கு பூட்ட கழட்டி மாட்ட முடியாது, பல மாடல்ல பின்னு துளைய மேலேருந்து அடைச்சு தேய்ச்சு வுட்டுருப்பான். சிலிண்டர் அப்படி இல்ல, நடுவுல காது மாதிரி ஒண்ணு சுத்துமே, அதுக்கு பக்கத்துல ஒரு கிளிப்பு இருக்கும், அத எடுத்தா பிளக்கு வெளிய வந்துடும். அப்படி வந்துட்டா உள்ள எத்தன பின்னு இருக்கணும்னு முடிவு பண்றது நீ. பழகுற பூட்டுக்கு இதவிட ஒரு தகுதி வேணுமா?

கழட்டுறப்ப நிதானம். பிளக்கு அளவுக்கே ஒரு மரக்குச்சி தேடிக்க, மார்க்கர் பேனா உடம்பு கூட சில சமயம் சரியா சேரும். கிளிப்ப எடுத்துட்டு, சாவிய போட்டு லேசா திருப்பி வெச்சிகினு, பின்பக்கத்துலேருந்து அந்த குச்சியால பிளக்க தள்ளிகினே வா, பிளக்கு வெளிய வரவர குச்சி அந்த எடத்த புடிச்சிக்கணும், நடுவுல துளி கேப்பு வுட்டாலும் மேல இருக்குற பின்னும் ஸ்பிரிங்கும் பட்டாசு மாதிரி தெறிச்சிடும். நான் மொத தடவ பண்ணப்ப ஒரு ஸ்பிரிங்கு ஃபேன்ல பட்டு எங்கேயோ போச்சு, அந்த வீட்ட காலி பண்ற வரைக்கும் கிடைக்கல. அதனால ஒரு பெரிய தட்டுல வெள்ளை துணி விரிச்சு அது மேல வெச்சு பண்ணு, ஃபேன ஆஃப் பண்ணு, சின்ன பசங்கள அடுத்த ரூமுக்கு அனுப்பு. பிளக்கு வெளிய வந்ததும் சாவிப்பின்னுங்க அதுல வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணும் எந்த துளையிலேருந்து வந்துதுன்னு ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு அதுல வெச்சிடு, மாத்தி போட்டா அப்புறம் உன் சாவியே தெறக்காது.

இப்ப ஒரு துளையில மட்டும் பின்னு ஸ்பிரிங்கு போட்டு மத்தத காலியா வுட்டு சேத்துடு. சிரிப்பா இருக்கும், ஒரு பின்னு தானேன்னு. ஆனா அந்த ஒரு பின்னுல நீ ரெண்டு விஷயம் கத்துக்குற. ஒண்ணு, இறுகி நிக்குற பின்னு எப்படி இருக்கும், சும்மா ஸ்பிரிங்குல ஆடுற பின்னு எப்படி இருக்கும்னு. இன்னொண்ணு டென்ஷன் எவ்ளோ வேணும்னு. புதுசா வர்றவன் எல்லாரும் கம்பிய பஸ்ஸு பிரேக்கு மாதிரி அழுத்துறாங்க, தேவ ஒரு செல்போன் பட்டனு அழுத்துற அளவுதான், அதுவும் கம்மிதான். அப்புறம் ரெண்டு பின்னு போடு, இப்பதான் எது மொதல்ல இறுகுதுன்னு தேடுற வேல ஆரம்பிக்கும். பத்து தடவ தொடர்ச்சியா தெறந்தா மூணாவது போடு. அஞ்சு வரைக்கும் போவ எனக்கு ஒன்றரை மாசம் ஆச்சு, தினம் அரை மணி நேரம். ஒரே பின்னு வரிசையில கை பழகிடுச்சுன்னா துளைய மாத்தி போட்டு பழகு, சாவி தெறக்காது, தெறக்காட்டி போவுது, சாவிய நம்பி நீ இல்லியே. அந்த மயிரிழை கோணல் துளையோடயே இருக்கும்கறதால இறுகுற வரிசை பெருசா மாறாம இருக்கலாம், ஆனா தூக்குற ஒசரம் மாறிடும், அதுவே புது பூட்டு மாதிரிதான். ஒரே சிலிண்டர்ல எத்தன பூட்டு வாங்குன மாதிரி ஆச்சு பாரு.

சிலிண்டர கையில புடிச்சிகினு பண்றது கஷ்டம். சாமான கவ்வி புடிக்கிற சின்ன வைஸ் இருந்தா சைக்கிள் டியூப் துண்டு சுத்தி அதுல மாட்டு, ரொம்ப இறுக்காத, உடம்பு நசுங்குனா பிளக்கு சுத்தாது. வைஸ் இல்லன்னா மரக்கட்டையில துளை போட்டு செருகி வெச்சிக்கலாம்.

கம்பிய பத்தி நீ கேக்கல, ரெண்டு வரி. இருபது கம்பி கிட்டு வேணாம், ஒரு சின்ன கொக்கி பிக்கு, ரெண்டு விதமான டென்ஷன் கம்பி, முடிஞ்சுது. பிக்கு 0.6 மில்லி கனம் இருந்தா பெரும்பாலான பூட்டுக்கு சரியா இருக்கும். கார் வைப்பர் ரப்பர் உள்ள வர்ற எஃகு பட்டை டென்ஷன் கம்பிக்கு சோக்கா இருக்கும், புதுப்பேட்டையில சும்மா கேட்டாலே குடுப்பான்.

அஞ்சு பின்னு கை வந்த அப்புறம்தான் அடுத்த படி. இப்ப வர்ற ஓரளவு நல்ல சிலிண்டர்ல மேல் பின்னுங்கள்ல ஒண்ணு ரெண்டு உடுக்கை மாதிரி இருக்கும், நடுவுல இடுப்பு ஒட்டி ரெண்டு பக்கம் அகலமா. ஸ்பூல்னு சொல்லுவாங்க. அந்த இடுப்புல பிளக்கு மாட்டிகினு லேசா சுத்தும், ஆஹா தெறந்துடுச்சுன்னு நெனப்ப, தெறக்காது. அந்த நேரத்துல சரியான பின்ன தூக்குனா பிளக்கு பின்னால தள்ளும், நீ டென்ஷன கொஞ்சம் விட்டு குடுக்கணும், விட்டு குடுத்தாதான் உக்காரும். முரட்டு புடி புடிக்கிறவனுக்கு இது ஜென்மத்துக்கும் வராது. இதுக்கும் புது பூட்டு வாங்க வேணாம், காயலான் கடையில செத்த சிலிண்டர் ரெண்டு வாங்கி கழட்டி பாரு, உடுக்கை பின்னு இருந்தா எடுத்து உன் சிலிண்டர்ல ஒரு துளையில போடு, அளவு சேரணும், சேந்தா மஜா.

வெளிநாட்டுகாரங்க லிஸ்டு ஒண்ணு வெச்சிருப்பாங்க, கராத்தே பெல்ட் கணக்குல வெள்ளை, மஞ்சள்னு, மொதல்ல மாஸ்டர் லாக் நம்பர் 3, அப்புறம் அமெரிக்கன் லாக் 1100ன்னு போவும். மாஸ்டர் லாக்குங்கறது ஹாரி சோரஃப்னு ஒருத்தரு 1921ல மில்வாக்கியில ஆரம்பிச்ச கம்பெனி, எஃகு தகட்ட பிஸ்கட் மாதிரி அடுக்கி ஆணி அடிச்சு பூட்டு பண்ணாரு, நம்பர் 3ல நாலு பின்னு. அங்க அது முக்குக்கு முக்கு கிடைக்குது, அதனாலதான் அந்த லிஸ்ட்ல இருக்கு, வேற மந்திரம் ஒண்ணும் இல்ல. அத இங்க கப்பல் சார்ஜ் குடுத்து வரவழைக்கிற காசுக்கு பாரிஸ்ல ஒரு பை நெறைய பூட்டு வாங்கலாம். 1100ல வர்ற மாதிரி வரிவரியா மரை போட்ட பின்னு ஒரு நாள் பாக்கணும்னு ஆசைதான், அது பின்னாடி.

கடைசியா தாத்தா பூட்டு. திண்டுக்கல் பூட்டு கையால செய்யுறது, 2019ல புவிசார் குறியீடு வாங்குனது, மாங்கா பூட்டு, மணிப் பூட்டுன்னு அதுல எத்தனையோ வகை. உள்ள லீவர் தகடுங்க, ஒவ்வொண்ணையும் சரியான ஒசரத்துக்கு தூக்கணும், கம்மி ஆனாலும் ஆவாது, ஜாஸ்தி ஆனாலும் ஆவாது. இந்த ஐடியாவ 1778ல ராபர்ட் பாரன்னு ஒரு இங்கிலீஷ்காரர் போட்டாரு, 1818ல சப் கம்பெனி பூட்டுல ஒரு தகட்ட அளவுக்கு மேல தூக்குனாலே பூட்டு சிக்கிகினு ஓனருக்கு காட்டி குடுத்துடும். அத 1851ல லண்டன்ல ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்காகாரர் 25 நிமிஷத்துல தெறந்தாரு. அதோட வுடல, ஜோசப் பிராமா கம்பெனிகாரங்க ரொம்ப வருஷமா 200 கினி (அந்த காலத்து இங்கிலாந்து காசு) பரிசுன்னு சவால் வுட்டு கடை ஜன்னல்ல வெச்சிருந்த பூட்டையும் எடுத்துகினு உக்காந்தாரு, 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் ஆச்சு, தெறந்துட்டாரு. பூட்டு தொழிலே பண்ணவருக்கு அது. உன் கொக்கி கம்பி லீவர் பூட்டுக்கு சேராது, அதுக்கு வேற அமைப்புல கம்பி வேணும், பலமா நெம்புனா தகடு வளைஞ்சிடும், அந்த மாதிரி தகடு கடையில கிடைக்காது.

அதனால அத பழகுறதுக்கு எடுக்காத. துரு தொடச்சு வெச்சுக்க. சாவி தொலைஞ்சு போயிருந்தா உங்க ஏரியாவுல குடை போட்டு உக்காந்திருக்குற பாய்கிட்ட கொண்டு போ, அவசரப்படுத்தாம பக்கத்துல உக்காரு. வெறும் சாவிய மெழுகுவத்தி புகையில கருக்கி உள்ள வுட்டு அசைப்பாரு, வெளிய எடுத்து எங்க கரி அழிஞ்சிருக்குன்னு பாத்து அந்த எடத்துல அரம் போடுவாரு, திரும்ப கருக்குவாரு. நீ பாக்குறன்னு தெரிஞ்சா சில பேரு முதுக காட்டிப்பாங்க, தொழில் ரகசியம். நம்ம ராயபுரம் பாய் மாதிரி ஆளு கிடைச்சா ஒரு டீயும் ரெண்டு பட்டர் பிஸ்கட்டும் வாங்கி குடு, காட்டுவாரு.